கல்லைச் சுற்றியவள்

மூன்றாவது சுற்று முடிந்தபோது, எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

நல்ல வேலை பார்த்தாள்.

வட இங்கிலாந்தின் வெறும் மேட்டு நிலம். மரமில்லை, வேலியில்லை. இருந்ததையும் பனிமூட்டம் விழுங்கிவிட்டிருந்தது. மிஞ்சியது ஒரு கற்குவியல். நடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அவளும் ஒன்று வைத்தாள். அதோடு நடையைக் கட்டியிருக்கலாம்.

கை தானாகக் கூப்பிக்கொண்டது.

காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றினாள். வலமாகச் சுற்றினாள். எந்தச் சாமி என்று அவளும் கேட்கவில்லை, கல்லும் சொல்லவில்லை.

இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. செம்மறி ஆடுகள் போட்ட தடங்கள் எல்லாத் திசையிலும் போயின. எல்லாமே பாதை மாதிரி இருந்தன.

கைபேசியில் சிக்னல் இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

கணவர் போன பிறகு அவளைத் தனியே விடமுடியாது என்று மகன் தயாபரன் ஒற்றைக்காலில் நின்றான். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். இந்த நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்தால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றும் சொன்னான். எங்கே முடிக்கப்போகிறாள் என்ற தைரியம்தான்.

இன்று கடைசி நாள். மேட்டைவிட்டு இறங்கினால் தார்வீதி. அங்கே காரோடு நிற்பான்.

மழைக்கும் சேற்றுக்கும் கால் கொப்புளத்துக்கும் அசையாதவள் ஒரு கும்பிடில் தொலைந்துபோனாள். மீட்புக்குழு வந்து தூக்கிக்கொண்டுபோய் அவன் முன்னால் இறக்கினால் வீடு போச்சு.

பாதம் விறைத்தது. சப்பாத்தை எடுக்கக் குனிந்தாள்.

இரண்டும் கல்லைப் பார்த்தபடி கிடந்தன.

நடந்து வந்தபடியே கழற்றிவிட்டவை.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியென்றால் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் வழி.

நடந்தாள். கொஞ்ச தூரத்தில் பாதையில் பாவிய கற்கள் தட்டுப்பட்டன. இன்னும் கொஞ்சம் போனதும், கீழே எங்கோ ஒரு லாரி போகும் இரைச்சல் கேட்டது.

வந்துவிட்டாள்.

அப்போதுதான் குரல் கேட்டது.

“அம்மா!”

வீதிப் பக்கமிருந்து அல்ல. வலப்பக்கத்துச் சதுப்பிலிருந்து.

பொறுக்கமாட்டாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறான்.

“அம்மா! எங்க நிக்கிறியள்?”

குரல் உடைந்திருந்தது. தேடி வந்தவனே வழி தவறி, உதவிக்குத் தன்னைக் கூப்பிடுகிறான் என்பது அவளுக்கு விளங்கியது.

“அதிலயே நில்லு, தம்பி! அசையாத! நான் வாறன்.”

பாதையைவிட்டு இறங்கியபோது காற்று முகத்தில் அடித்தது. திரும்பும்போது முதுகில் அடிக்கவேண்டும் என்று மனதில் போட்டுக்கொண்டாள். கைத்தடியால் நிலத்தைக் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்துப் போனாள். அவள் கூப்பிட, அவன் பதில் சொல்ல, பனிக்குள் மெல்ல ஓர் உருவம் தெரிந்தது.

வேலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்தோடு, முழங்காலளவு சேற்றில் நின்றான்.

கைத்தடியை நீட்டி அவனை இழுத்து வெளியே எடுத்தாள். நன்றாக ஏசவேண்டும் என்று வாயெடுத்தவள் அவன் விரல்களைப் பார்த்தாள். விறைத்துச் சிவந்திருந்தன. தன் கையுறைகளைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

காற்றுக்கு முதுகைக் கொடுத்து அவள் நடக்கத் தொடங்கினாள். அவன் பின்னால் வந்தான். வீட்டைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

பாவிய கல்லில் கால் வைத்ததும் அவன் இரண்டு பக்கமும் பார்த்தான்.

“அம்மா,” என்றான் மெதுவாக. “கார் எந்தப் பக்கம்?”