திறந்தவெளிக் கபடி

எண்ணூரில் பிறந்த ஷெர்லி பதினான்கு வயதுவரை கூரைக்கு அடியில்தான் கபடி ஆடியிருந்தாள். வெளியே வந்தால் முகமூடி கட்டாயம். அதைப் போட்டுக்கொண்டு மூச்சுப் பிடித்துப் பாட முடியாது.

அவள் அம்மா அமலி, காற்றின் நச்சைச் சிதைக்கும் டைட்டானியம் பூச்சு தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். பழைய வெள்ளைப் பூச்சு வெயில் இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும் மஞ்சள் பூச்சை அமலியின் குழு உருவாக்கி, ஊரின் திறந்தவெளி மைதானத்தைச் சுற்றியிருந்த சுவர்களிலெல்லாம் அடித்திருந்தது.

முதல் ஆட்டத்தன்று வானம் இருண்டிருந்தது. காற்றுமானி பச்சை காட்டியும் அமலி மகளுக்கான இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மழ வர்ற மாதிரி இருக்குடி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"நீ செஞ்சதும்மா. நீயே நம்பலன்னா எப்படி?"

ஷெர்லி முகமூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கோட்டைத் தாண்டினாள்.

"கபடி, கபடி, கபடி..."

இரண்டு பேரைத் தொட்டாள். மூன்றாவது பெண் காலைப் பிடித்து இழுத்தாள். விழுந்தும் பாட்டு நிற்கவில்லை. கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். நடுவர் விசில் ஊதினார். கூட்டம் எழுந்து கத்தியது. அவளோ பாடிக்கொண்டே அம்மாவிடம் ஓடி வந்தாள்.

அமலி அழுதுகொண்டே சிரித்தாள்.

"புள்ளி கெடச்சிருச்சுடி! மூச்ச விடு, மூச்ச விடு!"