பக்கவாட்டில் நீண்ட கை

இலோயிலோ நகரத்துக் கண் மருத்துவமனையின் அரையிருட்டு அறையில் டெலோய் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் பிழையின்றி வாசித்துவிட்ட பெருமிதம் அவர் முகத்தில் தெரிகிறது. எதிரே அமர்ந்த மருத்துவர் இரு கைகளையும் அகல விரித்து விரல்களை அசைக்கிறார். சொன்னபடி அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் டெலோய், "எப்ப ஆரம்பிப்பீங்க, டாக்டரம்மா?" என்கிறார். மூலையில் நிற்கும் மனைவி மில்டா அந்த அசையும் விரல்களையே பார்க்கிறாள். ஊர்த் திருவிழாவில் அவளுடைய தாய் ஆசி வழங்க நீட்டிய கையை, மூத்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் இவர் கடந்து போனார். அந்தக் கையும் பக்கவாட்டிலிருந்துதான் நீண்டது. "எங்கம்மா கைய அந்தரத்துல விட்டுட்டுப் போறியே, அவ்வளவு திமிரா உனக்கு!" என்று உறவினர் நடுவே கத்தியவள், அன்றிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா மூளைக்கு அடியில கட்டி ஏதும் பார்வை நரம்ப அழுத்துதோன்னு சந்தேகம். இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம்" என்கிறார் மருத்துவர், மெல்ல. திரைச்சீலை இடுக்கில் நுழைந்த வெயில், டெலோயின் முழங்காலில் விழுகிறது. பக்கத்தில் வந்து நிற்கும் மில்டாவை அவர் காணவில்லை. அவள் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே மண்டியிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள். "அடியே, நான் என்ன உனக்குத் தாத்தாவா?" என்று அவர் சிரிக்கிறார். அவள் அந்தக் கையை விடவில்லை.