மகரந்த நிலவரம்

சிதம்பரத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து கலியமூர்த்தி மறுபடியும் தும்மினார். அவர் வீட்டு மாடியிலேயே குடியிருக்கும் மூத்த மருமகன் அருண்பாண்டியன், துணைக்கு வந்த இடத்திலும் நிமிர்ந்து பார்க்காமல் செல்போனைத் தட்டினான்.

"சின்னப் பொண்ணு நிச்சயத்துல, தட்டு மாத்துற நேரம் பார்த்துத் தும்மிட்டேன் டாக்டர். சகுனம் சரியில்லன்னு சம்பந்தி வீட்டுல எழுந்திரிச்சிட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி உக்கார வச்சோம். வியாழக்கெழம முகூர்த்தம். தாலி கட்டுறப்ப ஒண்ணு வந்துச்சுன்னா கல்யாணமே நின்னுரும்."

"வீடு எங்க?"

"கடலூரு, செம்மண்டலம்."

"நெனச்சேன்!" டாக்டர் தன் செல்போனைக் காட்டினார். "'கடலூர் மகரந்த நிலவரம்'னு ஒரு வாட்ஸ்அப் சேனல். தெனமும் பார்ப்பேன். செம்மண்டலத்துல புல்லு மகரந்தம் இப்ப நாப்பத்தொண்ணு. ரொம்ப ஜாஸ்தி. அந்தத் தூள் மூக்குல ஏறித்தான் தும்மல். மாத்திரையே வேணாம். இது எறங்குனா தும்மலும் தானா நின்னுடும்."

வெளியே வந்ததும் கலியமூர்த்திக்கு உயிர் வந்தது.

"மாப்ள, அது உங்க சேனலுதானே! எந்த மிஷினு வச்சி அளக்குறீங்களோ, வியாழக்கெழமைக்குள்ள அந்த நம்பர எறக்கிடுங்க."

"மிஷினு ஏது மாமா?" என்றான் அருண்பாண்டியன். "காலையிலேருந்து நீங்க எத்தன தும்மல் போடுறீங்கன்னு எண்ணித்தான் போடுறேன்."

கலியமூர்த்தி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. மருமகன் செல்போனைத் தட்டினான்.

உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார்: "பெரியவரே, நாப்பத்திரெண்டு ஆயிடுச்சு! இப்ப வீட்டுக்குப் போயிடாதீங்க!"