தாம்பூலப்பை வரிசை

ஆறாவது டோஸ் ஆன்டிபயாடிக், கிருமியைத் துவம்சம் செய்யும் வெறியோடு உடம்புக்குள் குதித்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக வந்த ஐந்து டோஸ்களும் இன்னும் அங்கேதான் நின்றன. வாசலில் கிழட்டுச் சிறுநீரகம் ஒவ்வொருவருக்கும் தாம்பூலப்பை கொடுத்து, கைகூப்பி, ஆற அமர வழியனுப்பிக்கொண்டிருந்தது.

“கிருமி எங்கேண்ணே?”

“அது நேத்தே செத்துப்போச்சு,” என்றது முதல் டோஸ். “பை வாங்காம நாங்க எப்படிப் போறது?”

“பெரியவரே, கொஞ்சம் சுருக்காக் கொடுக்கக் கூடாதா?”

“என்னால இவ்வளவுதான் முடியும். இடைவெளி விட்டு அனுப்புங்கன்னு ரத்தத்துல எழுதி விட்டுட்டேன். மேலே டாக்டருங்க யாரும் ரத்தத்தைச் சோதிச்சுப் படிக்கல,” என்றது சிறுநீரகம்.

உட்கார இடமில்லாமல் ஆறாவது டோஸ் காதுக்குள் ஏறி அமர்ந்தது. காது, “ஐயோ, கிருமி! எனக்கு எதுவும் கேக்க மாட்டேங்குதே!” என்று அலறியது.

“எங்கே, எங்கே?” என்று முண்டா தட்டிக்கொண்டு எழுந்தது டோஸ்.

எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.