ரயில் வந்துச்சு, சாமி

“மாதா மேல சத்தியமா, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல, சாமி!” என்றார் இஞ்ஞாசி.

பக்கத்தில் ஆம்ப்ரோஸின் விதவை பிலோமினம்மாள் தலைகுனிந்து நின்றாள்.

“ஆம்ப்ரோஸ் பாலத்துலேருந்து தானா குதிச்சிட்டாருன்னு பேசிக்கிறாங்களே? தற்கொலைன்னா அடக்கப் பூசை வைக்க முடியாது” என்றார் பாதிரியார்.

“எவன் சொன்னான்? உடம்பைக் குறைக்க ரெண்டு பேரும் புக்கிட் பாத்தோக் தண்டவாளத்துல நடந்தோம் லா. பாலத்துல ஏறினதும் எதிர்ல ரயில்! நான் கம்பியில தொங்கிட்டேன். அவன் ஒதுங்கறப்போ கால் தவறிட்டான். டிரைவர்கூடத் தொப்பியைக் கழட்டி மரியாதை செஞ்சாரு.”

“விசில் அடிச்சாரா?”

“ரெண்டு தடவை, சாமி.”

பாதிரியார் பிலோமினம்மாள் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குப் பூசை வெச்சிடலாம்மா.”

பாதிரியார் தினமும் காலையில் நடக்கப் போவதும் புக்கிட் பாத்தோக்கின் அதே ரயில் பாதையில்தான். அங்கே ரயில் ஓடுவது நின்று பல வருடங்களாகின்றன.