கல்யாணப் பாட்டு படித்த மெஷின்

தாய்மொழியில் கொடுத்தால்தான் முறைப்பாடு செல்லும் என்பது புதிய சட்டம். மெர்லின் பார்த்தலோட் தமிழில் தொடங்கியதுமே பொலிஸ்காரர் தடுத்தார்.

“நீங்க போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கி ஆள், அக்கா. உங்கட போர்த்துக்கேயத்திலதான் சொல்லணும். மெஷின் தமிழாக்கும்.”

சொன்னாள். தன் தம்பியை லொறி முதலாளியின் மகன் குடித்துவிட்டு ஓட்டி நசுக்கிக் கொன்றதைக் கத்திக் கத்திச் சொன்னாள்.

திரையில் தமிழ் ஓடியது: ‘மாப்பிள்ளை வருகிறார். வயலின் வாசியுங்கள்.’

“என்ன இழவு இது?”

“உங்கட சனத்திட்டப் பதிஞ்சதை வச்சுத்தான் மெஷின் படிச்சது. எல்லாம் கல்யாணப் பாட்டு.”

“பாடு, ஆடு எண்டுதானே பதிய வந்தவனுகள் எங்கட அம்மாட்டக் கேட்டானுகள்! அவ ஏசினதை ஒருத்தனாவது பதிஞ்சானா?”

மேசையில் அறைந்து, அம்மாவின் வசவுகள் அத்தனையையும் அந்த மொழியிலேயே மெஷின்மீது கொட்டினாள்.

திரையில் கடைசி வரி விழுந்தது: ‘முறைப்பாட்டாளர் மகிழ்ச்சியாக இருக்கிறார். முறைப்பாடு முடிக்கப்பட்டது.’