எதிர் வராந்தா

கல்கத்தா காளிகாட் சந்தில் மாலைக் கரியடுப்புப் புகை கவிந்து நிற்கிறது. எதிரெதிர் மாடி வராந்தாக்களில் நீலாவதியும் மாலதியும் சண்டை போடுகிறார்கள். மாலதி காயப்போட்ட புடவையெல்லாம் நீலாவதி வீட்டுப் புகையாம். மாலதி வங்காளத்தில் பொரிந்து தள்ளுகிறாள். "காத்து உன் பக்கம் அடிச்சா அதுக்கு நானா பொறுப்பு?" என்று நீலாவதி தமிழில் கத்துகிறாள். பல வருடப் பழக்கத்தில் ஒருத்தி பாஷை மற்றவளுக்கு அத்துப்படி. வைவதற்கு மட்டும் அவரவர் மொழிதான் வாகாக இருக்கிறது. கையை வீசிக்கொண்டே நீலாவதி பின்னால் நகர, முந்தானை வராந்தா மூலையில் மூட்டியிருந்த அடுப்புத் தணலில் விழுகிறது. மாலதி பாதி வசவில் நிற்கிறாள். "ஐயோ நீலா, முந்தானை! நெருப்புடி!" தமிழில் அலறுகிறாள். நீலாவதி வெடுக்கென்று இழுத்து, கருகிய ஓரத்தைக் கசக்கி அணைக்கிறாள். எங்கோ ஒரு வீட்டில் அந்திச் சங்கு ஊதுகிறார்கள். சுட்ட விரல்களை வாயால் ஊதியபடி கைப்பிடிச் சுவருக்குத் திரும்பி வருகிறாள். அப்புறம் என்ன திட்டிக்கொண்டிருந்தாய், சொல்லு அக்கா என்று வங்காளத்தில் கேட்கிறாள். "தார்பொர்? போலோ, திதி."